பால் செம்பில் செய்த ஜெட்

முதலில் காணாமல் போனது அம்மாவின் எவர்சில்வர் பால் செம்பு. பூனைக்குச் செம்பு தேவையில்லை, ஆகவே அம்மா என்னைத்தான் விசாரித்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. செம்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடியை வெட்டி, பக்கமெல்லாம் சல்லடைபோலத் துளைபோட்டு, அண்ணை அதை ஒரு ஜெட் எஞ்சினுக்குள் வைத்துவிட்டார். வாயைத் திறக்காமல் இருப்பதற்காக எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் கிடைத்திருந்தது.

எஞ்சின் ஒரு சுரைக்காய் அளவுதான். உள்ளே சுழலும் சக்கரம் பழைய லொறி ஒன்றில் கழற்றியது. மீதியைக் கொக்குவிலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லேத் கடையில் அண்ணையே கடைந்தெடுத்தார். அதைப் பூட்டவேண்டிய மாதிரி விமானம் இறக்கை மடக்கி அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு வருடமாகக் காத்துக் கிடந்தது. அந்த ஒரு வருடத்தில் அண்ணை உயர்தரப் பரீட்சையில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை உது ஓடவேணும். ஓடாட்டி உதைப் பழைய இரும்புக்குப் போட்டிட்டு, திங்கக்கிழமை மாமாவின்ரை வாழைத்தோட்டத்துக்குப் போ" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். மாமாவின் தோட்டம் நீர்வேலியில். அண்ணைக்கு வாழைப்பழத்தைக் கண்டாலே ஆகாது.

ஞாயிறு காலை, பின்வளவில் தேசிமரத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு எஞ்சினை முடுக்கினோம். அந்த இடம் கொஞ்சம் பள்ளம். பழைய பதுங்குகுழியை மூடிய இடம் என்பார்கள். மழை பெய்தால் நான் கடதாசிக் கப்பல் விடும் இடம், அவ்வளவுதான் எனக்கு. லண்டன் மாமி கொண்டுவந்த தூசு உறிஞ்சும் மெஷினை அண்ணை மறுபக்கமாக மாட்டி எஞ்சினுக்குள் காற்றை ஊதவிட்டார். சக்கரம் சுற்றியது, மண்ணெண்ணெய் போனது, வெள்ளைப் புகை வந்தது. ஐந்து தரமும் புகை மட்டுமே வந்தது. நான் நனைத்த சாக்கோடு தீயணைப்புப் படையாக நின்றேன். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

புகை குசினிக்குள் போனதால் அம்மா வெளியே வந்தார். குனிந்து எஞ்சினின் பின்வாயைப் பார்த்தார்.

"என்ரை செம்பு!"

நான் நனைத்த சாக்குக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து முகர்ந்து பார்த்தார். "பச்சை மண்ணெண்ணெயைக் குடுத்தால் எப்பிடியடா பத்தும்? முதல் பெற்றோல் காட்டு. பிடிச்சாப் பிறகு இதுக்கு மாத்து."

சண்டை நடந்து பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில்தான் ஓடியதாம். அம்மா மருந்துப் போத்தலால் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட, அப்பா உதைக்க, அது கிளம்புமாம். அண்ணை மறுபேச்சில்லாமல் பெற்றோல் எடுக்க ஓடினார்.

ஆறாவது தரம் 'பக்' என்று பிடித்தது. அண்ணை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஒரு சீழ்க்கை எழுந்தது, ஏறியது, காது கிழிய வீரிட்டது. "ஓடுது! அப்பா, ஓடுது!" என்று அண்ணை துள்ளினார். நானும் துள்ளியிருப்பேன். அதற்குள் அம்மா என்னைத் தரையில் தள்ளி மேலே கவிழ்ந்து படுத்துவிட்டார்.

செம்பு வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மாவின் கைக்கு அடியால் எட்டிப் பார்த்தால், எஞ்சின் மேசையில் ஜாம் ஜாமென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவோ அதைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மதிலுக்கு மேலால் தலையை நீட்டிய பக்கத்து வீட்டு ஐயாவும் வானத்தைத்தான் பார்த்தார். பெரியவர்களுக்கு ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாது என்று முடிவு செய்தேன்.

அம்மா எழுந்து சேலையில் மண்ணைத் தட்டினார். மேசைக்குக் கிட்டப் போய், அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கேட்டார்: "உது நிப்பாட்டினால் நிக்குமோ?"

"ஓமம்மா. இந்த வால்வை மூடினால் சரி."

"தள்ளு. நான் மூடுறன்."

மூடினார். வீரிட்ட சத்தம் இறங்கி, முனகி, ஓய்ந்தது. கோயில் தேரை இழுத்து இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்போல அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இன்னொருக்காப் போடு!"

மூன்று தரம் போட்டோம். மூன்று தரமும் அம்மாதான் மூடினார். அப்பா எஞ்சினைச் சுற்றிவந்து, "செம்பு நல்ல செம்பு" என்றார். அதற்குமேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. திங்கட்கிழமை அண்ணை நீர்வேலிக்குப் போகவில்லை. மாமாதான் சத்தம் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இதே சத்தம் வானத்திலிருந்து வந்த நாட்களில், கைக்குழந்தையாக இருந்த அண்ணையைத் தூக்கிக்கொண்டு அம்மா எத்தனை தரம் அந்தப் பதுங்குகுழிக்குள் இறங்கினார் என்று எனக்கு அப்போது தெரியாது. நானும் ஒருமுறை வால்வை மூடுகிறேன் என்று கெஞ்சினேன். "உனக்கு உது தேவையில்லை" என்று அம்மா சொல்லிவிட்டார். மூன்று தரத்தையும் தானே வைத்துக்கொண்டார் என்ற கோபத்தில், அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.