நாக்கு மரத்த நாள்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு காலையில் ரவிக்கை போட முடியவில்லை. துணி பட்டதும் தோள், அடிபட்ட இடத்தைத் தொட்டதுபோல் வலித்தது. அடி ஒன்றும் பட்டிருக்கவில்லை. பிறகு அந்த வலி கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று உடம்பு முழுக்கக் குடியேறிவிட்டது.

தோட்டத்தை விற்றார்கள். ஈப்போவுக்கு வந்து தையல் கம்பெனியில் சேர்ந்தேன். வலியும் கூடவே வந்தது. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். என் எலும்புகளுக்கு இருந்த நல்ல பேர் எனக்கு இல்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்றார்கள். மாமியார் வீட்டில் தஞ்சோங் ரம்புத்தானில் காட்டலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த ஊர்ப் பெயர் என்றாலே எங்களுக்கு மனநல ஆஸ்பத்திரிதான். அங்கே போய் வந்தவள் சொல்வதை அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். வலியைவிட அதற்குத்தான் பயந்தேன்.

எண்பதுகளில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார்: ஃபைப்ரோசைட்டிஸ் (காரணம் பிடிபடாமல் தசைகள் வலிக்கும் நோய், பிறகு ஃபைப்ரோமயால்ஜியா என்றார்கள்). மாத்திரைகள் கேட்கவில்லை. லிக்னோகெயினை (பல் பிடுங்குமுன் மரக்கவைக்கும் மருந்து) டிரிப்பில் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம், அதற்கும் கேட்காவிட்டால் மனநல டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார்.

"கஷ்டமா இருந்தா உடனே சொல்லுங்க," என்றார் மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்).

கஷ்டமே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

முதலில் தோள் விட்டது, பிறகு இடுப்பு. எத்தனையோ வருஷம் கழித்து வலியில்லாமல் படுத்திருந்தேன்; அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி மரத்தது. வாயில் இரும்புச் சுவை. காதுக்குள் உருமி அடித்தது.

தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் நாக்கில் வேல் குத்திக்கொள்பவள் நான். என் கணவர் காவடி எடுப்பார். அங்கேயும் இப்படித்தான்: நாக்கு மரக்கும், உருமி உள்ளே புகும், வேலின் சுவை நாக்கில் நிற்கும். முருகன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான் என்று நினைத்தேன். அருள் வரும்போது வாய் திறக்கக் கூடாது. கண்ணையும் மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த கணவருக்கும் அதே நினைப்புதான். என் விரல்கள் துடித்து, தலை ஆடத் தொடங்கியதும் சட்டைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார். ஓடிவந்த மிஸ்ஸியையும் மறித்தார்.

"தொடாதீங்க மிஸ்ஸி. சாமி வந்திருக்குலா."

"சாமி இல்லண்ணே, மருந்து. தள்ளுங்க."

மிஸ்ஸி டிரிப்பை அடைத்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது முகத்தில் ஆக்ஸிஜன். கணவர் திருநீறு படிந்த கையோடு சுவரோரம் நின்றிருந்தார். என் உடம்புக்கு மருந்து மிஞ்சி வலிப்பு வந்துவிட்டது, இன்னும் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். நாக்கு மரத்ததுதான் முதல் எச்சரிக்கையாம். எனக்கு இனி அந்த மருந்து கிடையாது. சில நாளில் வலி திரும்பிவிட்டது.

இதே மருந்தால் நலம் கண்டவர்களும் இருக்கிறார்கள்; அதனால் இதை ஏற்றிக்கொள்ளப் போகும் உங்களைப் பயமுறுத்த மாட்டேன். நாக்கு மரத்தாலோ, காது இரைந்தாலோ, வாய் கசந்தாலோ சொல்லிவிடுங்கள். சுகமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

வீட்டில் தஞ்சோங் ரம்புத்தான் பேச்சு நின்றது. வலிப்பைக் கண்ட பிறகுதான் என் நோய் அவர்களுக்கு நோயாகத் தெரிந்தது.

அடுத்த தைப்பூசத்தில் எனக்கு வேலும் இல்லை, அவருக்குக் காவடியும் இல்லை. மலையடியில் சும்மா நின்றோம். உருமி தொடங்கியது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் குனிந்து கேட்டார்.

"நாக்கு மரக்குதா?"

மரத்துத்தான் இருந்தது. ஆமென்று தலையாட்டினேன். அவர் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. என் தோளை அழுத்தியது.

"இப்ப வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப சரி," என்று மூச்சு விட்டார்.

இப்போதெல்லாம் காலையில் கண் விழித்ததும் தோளைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். வலித்தால் எழுந்து உலை வைப்பேன். வலிக்காத நாளும் எப்போதாவது வரும். அன்று அசையாமல் படுத்து, காதில் உருமி கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருப்பேன்.