தெருக்குத்து வீட்டுக்குக் குடிவந்த நர்ஸம்மா

போன செவ்வாய்க்கிழமை காலை தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ரோசலி வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "அக்கா போயிட்டாங்க, வீட்டுக்காரம்மா. காப்பி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அவளுடைய அக்கா, நம் நர்ஸ் பிலோமினா அம்மாள், காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் அவரை அறிவீர்கள். காக்ஸ் டவுனில் உங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் முதல் அழுகையை அவர் கையில்தான் அழுதார்கள். பிரசவம் பார்த்தவராக அவரை உங்களுக்குத் தெரியும். என் முதல் குடித்தனக்காரராக அவரை எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. என் கணவர் சிவாஜிநகரில், அப்போது பிளாக்பள்ளி என்போம், ஒரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தார். அதே கடைக்கு நான் பாவாடையும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் எங்கள் குடித்தனம். யுத்தத்துக்குப் பிறகு ஊருக்குள் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வீடு கிடைக்காமல் அலைகிறவர்களைத் தினமும் கடை வாசலில் பார்ப்பேன். பெட்டிக்குள் கிடக்கிற வளையலால் யாருக்கு என்ன பிரயோசனம், அதே ஒரு வீடாக இருந்தால் மாதா மாதம் ஏதாவது வருமே என்று தோன்றியது. அம்மா போட்ட வளையல்களை விற்று, காக்ஸ் டவுன் கடைசியில் ஒரு சைட்டு, அதாவது காலி மனை, வாங்கினேன். பத்திரம் கணவர் பேரில், வளையல் என்னுடையது. அங்கே குடிபோகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. அவருக்கு வேலை இங்கே, எங்கள் அறைக்கு வாடகையும் குறைச்சல். கட்டுவதே வாடகைக்கு விடத்தான்.

இதைக் கேட்டு என் கணவரின் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "தானே ஒண்டுக்குடித்தனம். அதுல இவளுக்கு வீட்டுக்காரி ஆவணுமாம்டா!" என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அதை மறக்கவில்லை.

சைட்டு மலிவாகக் கிடைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அது தெருக்குத்து. நீளமான தெரு ஒன்று நேராக வந்து அந்த வாசலில்தான் முட்டி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஆளும் தங்காது, காசும் தங்காது என்று பயப்படுவார்கள். எனக்கும் பயம்தான். அதனால் காம்பவுண்டு சுவரில் ஒரு மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்கார வைத்தேன். இரண்டு அறை, அடுப்படி, மேலே மங்களூர் ஓடு. டூலெட் போர்டு மாட்டினேன். வருகிறவர்கள் கேட்டில் நின்று ஒருமுறை திரும்பித் தெருவைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். சாவியைக்கூடக் கேட்காமல் போய்விடுவார்கள். மழைக்காலம் போனது, பொங்கல் போனது, போர்டு போகவில்லை.

கணவரின் அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தார். "எனக்கே குடுத்துடு, குடோன் வெச்சுக்கறேன்" என்று ஒரு அடிமாட்டு விலை சொன்னார். அண்ணனை எதிர்த்துப் பேசி அறியாதவர் என் கணவர். "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "சித்திரையில் கொடுத்துவிடலாம்" என்று சொல்லத் தொடங்கினார். என் வளையல்கள் அந்த மனிதரின் குடோனாகப் போகின்றன என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டைப் பெருக்கப் போயிருந்தேன். வெள்ளைப் புடவையும் தோல் பையும் கழுத்தில் சிலுவையுமாக ஓர் அம்மாள் கேட்டில் வந்து நின்றார். எல்லோரையும் போலவே திரும்பித் தெருவைப் பார்த்தார். இவரும் போய்விடுவார் என்று நான் மறுபடி பெருக்க ஆரம்பித்தேன்.

"இந்தத் தெரு நேரா பஸ் ரோடு வரைக்கும் போகுதா?" என்று கேட்டார்.

"போகுது."

"நடுவுல எங்கயும் திரும்ப வேணாமா?"

"வேணாம். தெருக்குத்துங்க. உள்ளதைச் சொல்லிடறேன்."

"நல்லதாப் போச்சு! பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சுன்னு ஓடி வர்றவனுக்கு லெஃப்டு, ரைட்டு எதுவும் மண்டையில நிக்காதும்மா. தெருவைப் புடிச்சு ஓடிவா, எங்க முட்டுதோ அதான் நர்ஸம்மா வீடுன்னு சொல்லிட்டா வந்து சேந்துடுவான்."

எனக்குக் கையிலிருந்த துடைப்பத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சுவத்துல பிள்ளையார் இருக்காரு. உங்களுக்கு ஆகுமா?" என்றேன். "இருக்கட்டும். எனக்கு வாட்ச்மேன் வெக்க வசதியில்ல" என்றார்.

முன்பு இருந்த வீடுகளிலெல்லாம் அவரைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். நேரம் காலம் இல்லாமல் ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று ஒரு வீட்டில். பிரசவம் பார்த்துவிட்டு வந்து குழாயைத் தொடுகிறார், தீட்டு என்று இன்னொரு வீட்டில். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவர், வாடகை என்று வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் இறங்க மாட்டேன் என்றேன்.

"வீட்டைக் காலியாப் போட்டீங்கன்னா கரையான் குடி வரும். கரையான் வாடகை குடுக்காதும்மா."

இறங்கினேன். இன்னும் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்ற குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. என் புதுச் சுவரில் கேட்காமல் சிலுவைக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என ஆணி அடித்ததும் மனசில் இருக்கிறது.

ஆள் வந்த பிறகும் கணவரின் அண்ணன் விடவில்லை. வாடகையை யார் வாங்குகிறாரோ அவரைத்தானே ஊர் வீட்டுக்காரர் என்று சொல்லும்? அது அவருக்குத் தெரியும். முதல் மாத வாடகைக்கு நான் பிளாக்பள்ளியிலிருந்து நடந்து போய்ச் சேர்வதற்குள் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். கேட்டிலேயே அவர் குரல் கேட்டது. நான் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று கேட்டேன்.

"வீடு என் தம்பி பேர்ல. குடும்பத்துக்குப் பெரியவன் நான். இனிமே மாசா மாசம் நான்தான் வருவேன்."

"வாங்க சார். வந்து மோர் குடிச்சிட்டுப் போங்க. வாடகை வீட்டுக்காரம்மாவுக்கு."

"அவ யாரு? பத்திரத்துல அவ பேரே இல்லயே!"

"சார், புள்ள பொறந்ததும் சுத்தி நின்னு எல்லாரும் கையை நீட்டுவாங்க. தாத்தா நீட்டுவாரு, பெரியப்பா நீட்டுவாரு. நான் குடுக்க மாட்டேன். பெத்தவ கையிலதான் மொதல்ல குடுப்பேன். இந்த வீட்டைப் பெத்தது அந்தம்மா."

"ஒன்னைக் காலி பண்ண வெக்கிறேன் பாரு!"

"எத்தனையோ வீடு காலி பண்ணிட்டு வந்தவ சார் நான். மூட்டை கட்ட யாரும் கத்துக்குடுக்க வேணாம்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். பார்க்காதது போலப் போனார். அவர் தெருவில் இருக்கும்போதே நர்ஸம்மா அக்கம்பக்கமெல்லாம் கேட்கிற மாதிரி, "வாங்க வீட்டுக்காரம்மா! ஒங்களுக்குத்தான் காத்துட்டிருக்கேன்" என்று கூப்பிட்டார். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் மனுஷி அவர்.

அன்று மாலை கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அந்தம்மா சொன்னதுதானே நியாயம்" என்றார். அண்ணனுக்கு எதிராக அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. சித்திரையில் வீட்டை விற்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு என்னை அழைத்துப் போய், பத்திரத்தை என் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய மற்றக் காரியங்கள் பலவற்றை மன்னித்திருக்கிறேன்.

நர்ஸம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று வாயும் வயிறுமாக இருந்த பெண்கள் அந்தத் தெருவுக்கே வீடு தேடி வந்தார்கள். பக்கத்து சைட்டை வாங்கி இரண்டாவது வீடு கட்டினேன். அதற்கு டூலெட் போர்டே மாட்டவில்லை. வாடகையைக் கூட்டலாமா என்று யோசித்தபோது, "கூட்டுங்க, வேணாங்கல. மொதல்ல ஏணி வெச்சு ஓட்டைப் பாத்துட்டு வாங்க. எங்க அடுப்புமேல ஒழுகுது" என்றார். ஓட்டை மாற்றிவிட்டுத்தான் கூட்டினேன். அதற்கும் பேரம் பேசினார். கடைசிவரை என் வீட்டை விட்டுப் போகவில்லை.

இப்போது எனக்கு நான்கு வீடுகள். எந்த வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தாலும் சாவியைப் பெண்பிள்ளை கையில்தான் கொடுக்கிறேன். ஆண்பிள்ளை கையை நீட்டினால், "இருங்க சார், அவங்க அடுப்படியைப் பாத்துட்டு வரட்டும்" என்பேன். நர்ஸம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது. சிலருக்கு முகம் சுருங்குகிறது. அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.