குணா அண்ணை எழுத மறுத்த கடிதம்

போன மே மாதம், ஒரு வியாழன் காலை, லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோவுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது, என்னோடு கூடைப்பந்து ஆடும் சசி தொலைபேசியில் கூப்பிட்டான். சசி குறுஞ்செய்தி அனுப்புகிற ஆள், கூப்பிடுகிற ஆள் இல்லை. அதனால் எடுக்கும்போதே ஏதோ பிழை என்று தெரிந்தது. "வாசன், குணா அண்ணை மோசம் போயிட்டார். வேலைக்கு வெளிக்கிட்டவராம், வாசலிலையே விழுந்திட்டார்" என்றான். எனக்கு அந்த நேரம் வந்த யோசனையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை போட்டிக் குழுக் கூட்டம் இருக்கிறதே, விதிப் புத்தகத்தை இனி யார் கொண்டுவருவது என்றுதான் யோசித்தேன். அழுகை இரண்டு நிலையம் தாண்டித்தான் வந்தது.

குணசீலன் என்ற அவருடைய முழுப்பெயர் உங்களில் பலருக்கு மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் கூடைப்பந்து. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நம்மவர்களுக்கென்று நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் லில்லெஸ்ட்ரோம் அணியைத் தொடங்கியவர் அவர்தான். ஆனால் மனுசனுக்கு ஆடத் தெரியாது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்காதீர்கள், அவரே ஒப்புக்கொண்ட விசயம் இது. அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டாலே நாங்கள் எழுந்து நின்று கைதட்டுவோம். அவரும் தலை குனிந்து நன்றி சொல்வார்.

விதிகள் வந்த கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் திராமன் நகரத்து அணிக்கு ஒரு கடைக்காரர் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார், லண்டன் போட்டிக்குப் பயணச்சீட்டும் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் நல்ல ஆட்டக்காரர் எல்லோரும் திராமனுக்கு ஓடிவிட்டார்கள். மிச்ச அணிகள் பேருக்கு வந்து தோற்றுவிட்டுப் போயின. போட்டியையே நிறுத்துவோம் என்று கதை வந்த நாளில், குணா அண்ணை ஒரு பை நிறையக் கடதாசிகளோடு கூட்டத்துக்கு வந்தார். அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து எப்படி நடக்கிறது என்று வகுப்பெடுக்கத் தொடங்கினார். நாங்கள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கே ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒப்பந்தம் முடிந்த வீரன் எந்த அணியோடும் பேசலாம். ஆனால் அவனுக்கு என்ன தரலாம் என்பதை முதலாளியின் மனசு தீர்மானிப்பதில்லை, அந்த வரம்புக்குள் அணியிடம் மிச்சமிருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஒரு சலுகை இருக்கிறது. தன்னிடமே சில வருடம் ஆடிய சொந்த வீரனை, வரம்பைத் தாண்டியும் அணி திரும்ப எடுக்கலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு. அவன் திரும்பக் கையெழுத்துப் போடும்வரை அவன் பெயரில் ஒரு தொகை அணியின் கணக்கில் இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடம் வேண்டுமென்றால், இந்த வீரனின் மீதுள்ள உரிமையைக் கைவிடுகிறோம் என்று அணி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் எல்லாரையும் போல வெளியாள்.

நம்மிடம் சம்பளம் ஏது? அதனால் குணா அண்ணை சம்பளத்துக்குப் பதில் புள்ளி வைத்தார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் திறமையைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து புள்ளி. ஓர் அணிக்கு மொத்தம் இருபத்து நான்கு. ஜூலை முதல் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு முன் யாரும் யாரோடும் பேரம் பேசக்கூடாது. சொந்த வீரர் சலுகை, கைவிடல் கடிதம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பதினான்கு பக்கம். குறைந்தபட்சம் ஒரு புள்ளி என்ற விதியை அவர் ஏன் எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் குழு அவருக்குப் பூச்சியம் கொடுத்திருக்கும்.

கோதாரி, இது சரிவராது என்று முதலில் கத்தியவன் நான்தான். சரிவந்தது. அடுத்த பருவமே ஆறு அணிகளும் ஒன்றையொன்று வென்றன. திராமன்காரரே வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கார்த்திக் எங்கள் அணிக்கு வந்த கதையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பொறியியலாளர், நன்றாக ஆடுவார். ஆனால் அந்த வருடம் எங்களிடம் இரண்டு புள்ளி இடம்தான் மிச்சம் இருந்தது. முதல் வருடம் மட்டும் ஒரு புதியவர் தன் தரத்துக்குக் கீழான புள்ளிக்குச் சம்மதித்து வரலாம் என்று விதியில் இருந்தது. குணா அண்ணை அச்சடித்த ஒப்பந்தத்தை நீட்டினார். கார்த்திக்கின் முகம் சுருங்கிவிட்டது. "என்னண்ணா, நான் ரெண்டு புள்ளிதானா?" என்று கேட்டார். குணா அண்ணை சொன்ன பதிலை நான் பிறகு என் வேலை விண்ணப்பங்கள் திரும்பி வந்தபோதெல்லாம் நினைத்துக்கொண்டதுண்டு. "தம்பி, இது உம்மடை பெறுமதி இல்லை. எங்களிட்டை மிச்சம் இருக்கிற இடம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்." கார்த்திக் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் குழு அவருக்கு நான்கு கொடுத்தது.

இனி என் கதை. ஐந்து வருடத்துக்கு முன் நானும் மனைவியும் பிரிந்தோம். யார் பிழை என்று இங்கே எழுதப்போவதில்லை, உங்களில் பாதிப் பேர் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஸ்ட்ரோம்மனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நம்மவர்கள் கூடும் இடம் எதற்கும் போகவில்லை. தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை. கூடைப்பந்து மண்டபத்துப் பக்கமே தலைவைக்கவில்லை. நான் ஐந்து புள்ளி ஆட்டக்காரன். ஒரு நாளும் குணா அண்ணை என் வீட்டு மணியை அடிக்கவில்லை, ஆறுதலாக ஒரு சொல் அனுப்பவில்லை. அது எனக்கு உள்ளுக்குள் பெரிய கோபமாகவே இருந்தது.

ஆனால் ஜூலை முதல் ஞாயிறு மதியம் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. லில்லெஸ்ட்ரோம் அணி உமக்கு ஒரு வருட ஒப்பந்தம் தருகிறது, பதில் தேவையில்லை. அவ்வளவுதான். வீடு உடைந்து கிடக்கிறேன், இந்த விசர் மனுசன் பந்தோடு நிற்கிறாரே என்று தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தேன். அடுத்த வருடமும் அதே நாள், அதே நேரம், அதே வசனம் வந்தது.

அந்த இரண்டாவது வருட இலையுதிர் காலத்தில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சசி என்னைப் பிடித்துக்கொண்டான். நான் தப்பி ஓடப் பார்த்தேன், அவன் விடவில்லை. சுகம் விசாரிக்கவில்லை, நேரே ஏச்சுத்தான். என்னால் அணி இரண்டு பருவமாகக் கடைசியில் கிடக்கிறதாம். என் ஐந்து புள்ளி வெறும் பெயராகப் பட்டியலில் குந்திக்கொண்டிருக்கிறதாம். கார்த்திக்கின் நண்பர் ஒருவர், ஆறடி நான்கு அங்குலம், எங்களிடம் ஆட வந்து, இடமில்லாமல் திராமனுக்குப் போய்விட்டாராம். கைவிடல் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி அணி முழுக்கக் கேட்டும் குணா அண்ணை மாட்டேன் என்றுவிட்டாராம். சரி, சுகயீன விலக்கு என்று குழுவிடம் கேட்டால் உடனே தருவார்களே, அந்தப் பருவத்துக்கு என் புள்ளி கணக்கில் வராதே என்றதற்கும் முடியாது என்றாராம். ஏன் என்று கேட்டேன். சசி சொன்னான்: "விலக்குக் கேட்டால் காரணம் எழுதிக் குடுக்கோணும். அவன்ரை வீட்டுக் கதையைக் கூட்டத்திலை வாசிக்கிறதோ எண்டு கேட்டவர்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த நாள் ஒஸ்லோவுக்குப் போய், அவர் வேலை செய்யும் இல்லத்தின் பின்வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். வெள்ளை மேலங்கியோடு, கையில் உருளைக்கிழங்கு மணத்தோடு வந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. நான் நன்றி சொல்லத்தான் போயிருந்தேன், வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது. ஏன் அண்ணை அந்தக் கடிதத்தை எழுதவில்லை, நான் கேட்டேனா, என்னால் ஏன் மற்றவர்கள் தோற்க வேண்டும் என்று கத்தினேன். அவர் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாசன், கடிதம் எழுதினால் நீ வெளியாள். இடம் இருந்தால்தான் வரலாம். எழுதாட்டி, இடம் இல்லாட்டியும் வரலாம். எனக்கு வேறை ஒண்டும் செய்யத் தெரியேல்லையடா."

அவ்வளவுதான் கதைத்தார். பிறகு இடைவேளை முடிந்துவிட்டது என்று உள்ளே போனார். போனவர் திரும்பி வந்து, பிளாஸ்டிக் பெட்டியில் மீனும் கிழங்கும் போட்டுத் தந்தார். நான் அந்த ஞாயிறே மண்டபத்துக்குப் போனேன். காற்சட்டை இறுகிவிட்டது, பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது, ஐந்து புள்ளியில் மூன்றைக்கூட நான் உழைத்திருக்கமாட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் ஒப்பந்தம் அச்சடித்தபடி நாங்கள் குந்துகிற வாங்கில் கிடந்தது.

அவர் வாழ்ந்த காலத்தில் இதற்கு நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் ஏதாவது விதியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். அந்த இரண்டு வருடம் நான் உயிரோடு ஒப்பேறியதில் அந்த எரிச்சலூட்டும் குறுஞ்செய்திக்கும் பங்கு இருந்தது என்பதை அவர் கேட்காமலே போய்விட்டார். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இப்போது அணித்தலைவர் நான். போன மாதம் குழுச் செயலாளர் கூப்பிட்டார். மிகவும் சங்கடப்பட்டுத்தான் பேசினார். எங்கள் பட்டியலில் குணா அண்ணையின் ஒரு புள்ளி இன்னும் நிற்கிறதாம். அந்தப் பதினான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்களாம், ஒரு வீரர் இறந்தால் என்ன செய்வது என்று அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. காயம், இடமாற்றம், பிள்ளைப்பேற்று விடுப்பு எல்லாவற்றுக்கும் விதி வைத்த மனுசனுக்கு இது ஞாபகம் வரவில்லை. ஆகவே விதிப்படி பெயரை எடுக்க ஒரே வழி கைவிடல் கடிதம். ஒரு சின்னக் கையெழுத்து, வெறும் சம்பிரதாயம் என்றார். நான் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை முதல் ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு, குணா அண்ணையின் இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். லில்லெஸ்ட்ரோம் அணி உங்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம் தருகிறது, பதில் தேவையில்லை. ஆனால் பதில் வந்தது. அவருடைய மனைவி ராணி அக்காதான் எழுதியிருந்தார். "ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு புள்ளியைத்தான். வரும் பருவத்தில் எங்களுக்கு ஆட இருபத்து மூன்று புள்ளிதான் இருக்கும். அதனால் யாராவது நல்ல ஆட்டக்காரர் கைதவறிப் போனால் போகட்டும், தோற்றால் தோற்போம். குழுவில் யாராவது உங்களைக் கேட்டால், வாசன் கடிதம் எழுதமாட்டானாம் என்று சொல்லிவிடுங்கள்.