மறுபடியும் அந்த மருந்து

கெற்றமின் என்ற மருந்தின் பெயரை டொக்டர் சொன்னதும், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்த நாள் முதல் அவள் எதற்கும் திரும்பியதில்லை. கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கெஞ்சினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மனச்சோர்வு என்றார்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கனகராயன்குளத்தில் என் பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு, வவுனியாவில் அந்தக் கட்டிலோரக் கதிரையில் மாதக்கணக்காக இருந்தேன். களைத்துப் போனேன். சில நாட்களில் அக்கா மீது கோபம் கோபமாக வந்தது.

விழுங்கக் கொடுத்த குளிசைகள் பலிக்கவில்லை. மயக்கத்தில் வைத்துத் தலைக்குக் கொஞ்சம் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைக்கும் வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதைக் 'கறண்ட் பிடிக்கிறது' என்பார்கள். அக்காவுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று பயந்து, ஊரில் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அதிலும் வலிப்புச் சரியாக வரவில்லை.

"மயக்க மருந்தை மாத்திக் கெற்றமின் குடுத்துப் பாப்பம். வலிப்பு நல்லா வரும். மனச்சோர்வுக்கும் அது கொஞ்சம் உதவும் எண்டு சொல்லினம். நிச்சயமாச் சொல்லேலாது," என்றார் டொக்டர்.

அக்காவுக்கு அந்த மருந்தைத் தெரியும். கடைசிச் சண்டையில் செல் குண்டு பட்டு, கூரைக்குத் தறப்பாள் கட்டிய ஓர் இடத்தில் அவளுடைய ஒரு காலை வெட்டி எடுத்தபோது கொடுத்தது அதைத்தான்.

"அதைத் தந்து எழும்பேக்க கால் இல்லை, டொக்டர். இந்த முறை எது இல்லாமல் போகும்?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு அது. டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார்.

"கொஞ்சம் ஞாபகம் போகலாம், அம்மா. கனக்கத் திரும்பி வரும். சிலது வராமலும் போகலாம்."

"ஞாபகந்தானே? கொண்டு போங்கோ," என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தறப்பாளையும், அதன் கீழே அவளோடு கிடந்து எழும்பாமலே போனவர்களையும் தொலைத்துவிடத்தான் அவள் அவ்வளவு லேசாகச் சம்மதித்தாள்.

வாரக்கணக்கில் தொடர்ந்தார்கள். மயக்கம் தெளியும்போதெல்லாம் ஏதோ உளறுவாள். போர்வைக்குள் கையை விட்டு மற்றக் காலைத் தடவிப் பார்ப்பாள். பிறகு ஒரு நாள் காலை, கஞ்சிக் கோப்பையைத் தானே வாங்கிக் குடித்தாள். கெற்றமினாலா, மின்சாரத்தாலா, இரண்டாலுமா என்று டொக்டராலேயே சொல்ல முடியவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

இப்போது உடையார்கட்டு ஊரில் தன் வீட்டில் இருக்கிறாள். கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். தறப்பாளும் செல்லும் அவளை விட்டுப் போகவில்லை. இன்னும் நித்திரையில் கத்துகிறாள். போனதெல்லாம் வாட்டில் இருந்த அந்த மாதங்கள்தான். நான் கெஞ்சியது, கழுவியது, கோபித்தது ஒன்றும் அவளிடம் இல்லை. தானே கஞ்சி குடித்த அன்று வெறுங்கோப்பையை நீட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்? எப்ப வந்தனீ?"

"இப்பதான், அக்கா," என்றேன்.