கூடை மாட்டிய படம்

மலையகத்தில் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் போட, வசதியானவர்களைச் சேர்த்து ஒரு முதலீட்டாளர் குழு அமைத்தோம். ஆள் சேர்த்தவன் நான். தலைவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து கொழும்பில் பெரிய வியாபாரியானவர்.

நுவரெலியா ஹோட்டலில் நடந்த முதல் கூட்டத்தில், பொகவந்தலாவையிலிருந்து வந்த தர்ஷினி தான் உருவாக்கிய செயலியை இயக்கிக் காட்டினாள். மலைப்பாதையில் பஸ் எங்கே வருகிறது என்று அது போனில் காட்டும். எல்லோரும் கைதட்டினார்கள்.

உல்லாசப் பயணிகள் படமெடுக்க வாசலில் வைத்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையைத் தலைவர் கொண்டுவரச் சொன்னார்.

"இத தலையில மாட்டிக்கிட்டு நில்லும்மா. வெளிநாட்டுக்காரங்க பாத்தா ஒடனே காசு போடுவாங்க."

"நான் கொழுந்து பறிச்சதே இல்லைங்க சார்."

"அது யாருக்கும்மா தெரியப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தர்ஷினி கூடையை அவரிடமே நீட்டினாள். "அப்ப நீங்களே மாட்டிக்கங்க சார். நீங்களும் லயத்துல பொறந்தவருதானே."

சிரிப்பு நின்றது. அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவரோ அசரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கூடையை மாட்டி, கையில் யாருடைய மடிக்கணினியையோ கொடுத்துப் படமெடுக்க வைத்தார்.

அன்றே விலகிவிட்டேன். ஆனாலும் அருவருப்பு விலகவில்லை. குழுவின் இணையதளத்தைத் திறந்தால் இன்றும் முதலில் வருவது அந்தப் படம்தான். கீழே எழுதியிருக்கிறார்கள்: 'எங்கள் முதல் தொழில்முனைவர்.'