பானெட்டை மூடி ஒட்டிய கார்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் இடது காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. அதுவும் எனக்குத் தானாகத் தெரியவில்லை. பக்கத்தில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபி அம்மாள்தான் குனிந்து பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "பெஹன்ஜி, இன்னும் கொஞ்சம் ஜல்தி பண்ணியிருந்தா காலையும் ஸ்டாப்லயே விட்டுட்டு வந்திருப்பீங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தில்லிக் குளிர்காலத்தில் வெறுங்காலால் தகரத் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறோமே, அது ஏன் சில்லிடவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அந்த அம்மாள் சொன்னதை அன்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். வாரக் கடைசியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் மாடிப்படியில் கால் ஏற மறுத்தது. தம்பி முருகேசன் என்னை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோனான். மறுநாள் அதே முதுகில் கீழே இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் கைகளும் தளர்ந்திருந்தன.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ. திருமணம் செய்துகொள்ளவில்லை. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் முருகேசனும் அவன் மனைவி செல்வியும் என்னோடுதான் இருந்தார்கள். மெட்ரோ ரயில் வருவதற்கு முந்தைய தில்லி அது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். மூச்சுத் தசைகளில் பலம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பயத்தில் எனக்கு வாயில் வந்தது தமிழ். ஒன்று, இரண்டு என்று வேகமாகப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எவ்வளவு தூரம் போனீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தியில எண்ணுங்க."

"எக்கா, இந்தியில எண்ணுனா மூச்சு இன்னும் சீக்கிரம் போயிருமே," என்றான் முருகேசன். அவன் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

தண்டுவட நீரை (முதுகெலும்புக்குள் நரம்பைச் சூழ்ந்திருக்கும் திரவம்) ஊசியால் எடுத்துப் பரிசோதித்தார்கள். கில்லன்-பாரே நோய் என்றார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறாக நரம்பின் மேலுறையைத் தாக்குவது. டாக்டரம்மா கட்டிலுக்கு மேலிருந்த விளக்கின் ஒயரைக் காட்டினார். "உள்ளே கம்பி இருக்கு. மேலே இருக்கிற ரப்பர் போச்சு. ரப்பர் திரும்ப வளரும். மெதுவா."

பிளாஸ்மா மாற்று சிகிச்சை (இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து, தாக்கும் பொருட்களை நீக்குவது) நடந்தது. அதைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. உங்களுக்கு நடக்கும்போது உங்கள் டாக்டர் சொல்வார். வலியை விட அலுப்புத்தான் அதிகம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஹோலிக்கு நிறம் பூசிய பிள்ளைகள் கீழே ஓடும்போது, நான் கம்பைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை நடந்தேன். கால்களில் உயிர் திரும்பிவிட்டது. கையில் பலமும் கொஞ்சம் வந்தது. ஆனால் விரல் நுனிகளில் உணர்ச்சி வரவில்லை. தடித்த கையுறை மாட்டிக்கொண்டு உலகத்தைத் தொடுவது போல் இருந்தது. முழுதாக வருமா என்று கேட்டேன். "நுனிதான் கடைசி. வரலாம். கொஞ்சம் குறையாவும் நின்னுடலாம்," என்றார் டாக்டரம்மா. அவர் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்தது.

என் பிழைப்பே விரல் நுனியில்தான். நான் கற்ற சுருக்கெழுத்தில் ஒரே கோட்டை மெல்ல இழுத்தால் ஓர் ஒலி, அழுத்தி இழுத்தால் வேறோர் ஒலி. உயிரொலிகளை ஏறக்குறைய விட்டுவிடுவோம். வாசிக்கும்போது மனம் போட்டுக்கொள்ளும். பென்சில் எவ்வளவு அழுந்துகிறது என்பதைக் கண் பார்த்துச் சொல்ல முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும். விரல் சொல்லாவிட்டால் நான் கடிதங்களைப் பதிந்து அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அது கேவலமான வேலை இல்லை. என் வேலை இல்லை, அவ்வளவுதான்.

கைக்குப் பயிற்சி என்று ராஜ்மாவையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொட்டிப் பொறுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் பொறுக்கினேன். "மதினி, நீங்க பொறுக்கப் பொறுக்க நான் அவிச்சுக்கிட்டே இருக்கேன். இவுகளுக்கு வாயுத் தொல்லையே வந்துட்டு. வேற ஏதாவது பொறுக்குதியளா?" என்றாள் செல்வி.

அந்த வாயுத் தொல்லைக்காரன்தான் பிளாஸ்டிக் கார் பெட்டியை என் மடியில் வைத்தான்.

முருகேசனுக்கு அது நெடுநாள் பைத்தியம். விமானத்தில் வேலை செய்யும் சிநேகிதர்கள் ஜப்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாங்கி வருவார்கள். பெட்டியைத் திறந்தால், மாத்திரை அட்டையில் மாத்திரை இருப்பது போல, பிளாஸ்டிக் சட்டத்தில் காரின் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி, தேய்த்து, வர்ணம் பூசி, ஒட்ட வேண்டும். அவன் அதோடு நிற்க மாட்டான். பழைய டெலிபோன் ஒயரைப் பிரித்து, தலைமுடி போன்ற கம்பியை எடுத்து, கட்டைவிரல் அளவு எஞ்சினுக்கு ஒயரிங் செய்வான். பிறகு எஞ்சினே தெரியாதபடி மேலே பானெட்டை மூடிவிடுவான்.

முதலில் அவன் தந்தது சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டி. பசை வேண்டாம், அழுத்தினால் பொருந்தும். நகவெட்டியால் பாகங்களை வெட்டி எடுத்தேன். கதவு திறக்காது, எஞ்சின் கிடையாது. சிவப்புக் கார். முடித்து ஜன்னலில் வைத்ததும் என் கை என் சொல்லைக் கேட்டது என்று ஒரு பூரிப்பு. செல்வி ஒரு வெண்டைக்காயை அதன் கூரையில் வைத்து, "மண்டிக்கு லோடு போவுது," என்றாள்.

முருகேசனுக்கு அது போதவில்லை. அடுத்த வாரம் பெரிய பெட்டி வந்தது. பானெட் திறக்கும், கதவு திறக்கும், இருக்கைக்குப் பெல்ட் உண்டு. "எக்கா, பொடிசு பொடிசா நெறைய இருக்கு. எவ்வளவுக்கு எவ்வளவு பொடிசோ அவ்வளவுக்கு அவ்வளவு கைக்கு வேலை. சீக்கிரம் சரியாயிரும் பாரு."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சீக்கிரம் என்ற சொல்லுக்கு நோயாளி மயங்காமல் இருப்பாளா? ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பசை தண்ணீர் மாதிரி இருக்கும், பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டவைக்கும் வகை. அது விரலில் வழிந்ததே எனக்குத் தெரியவில்லை. அந்த விரலோடு முன்கண்ணாடியைப் பிடித்துவிட்டேன். கண்ணாடியில் என் ரேகை வெள்ளையாகப் பூத்துப்போயிற்று.

அது போகட்டும். மறுநாள் காலையில் இட்லியைப் பிய்க்கக் கையில் பலமில்லை. கால்களும் வெலவெலத்தன. நோய் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். செல்வி வாயில் ஊட்டினாள். ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

டாக்டரம்மா முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மூச்சைச் சோதித்தார். "அச்சா, நேத்து என்ன பண்ணீங்க?"

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு காரைப் பற்றிச் சொன்னான்.

"அந்தக் கார் ஓடுமா?"

"ஓடாது மேடம். ஷோவுக்குத்தான்."

"அப்புறம் என்ன அவசரம்?"

நோய் திரும்பவில்லை, களைப்புத்தான் என்று அவர் விளக்கினார். புதிதாக உறை வளரும் நரம்பில் ஒரேடியாக வேலை ஏற்றினால் அது படுத்துவிடும். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், வந்த பிறகு அல்ல. இதை நீங்களும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அன்பு அதிகம் உள்ளவர்கள்தான் நம்மை அதிகம் வேலை வாங்குவார்கள்.

சில நாள் ஓய்வுக்குப் பிறகு பெரிய பெட்டியை மறுபடி திறந்தேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்தேன். எஞ்சின் பாகங்களைச் சட்டத்திலேயே விட்டேன். "நான் பானெட்டை மூடி ஒட்டப்போறேன்," என்றேன்.

முருகேசன் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தான். "எக்கா, எஞ்சின் இல்லாம காரா?"

"நீ பஸ்ல ஏறும்போது எஞ்சினைப் பாத்துட்டா ஏறுத?"

"அது உள்ள இருக்குன்னு தெரியும்லா. அதான ஏறுதேன்."

"ஏல, நான் எழுதுற எழுத்துல பாதி ஒலியே கிடையாது. படிக்கிறவ போட்டுக்கிடுவா. இதப் பாக்குறவனும் எஞ்சினப் போட்டுக்கிடட்டும்."

"ஒனக்கு எழுத்து அப்படி. எனக்கு, உள்ள ஒண்ணு விட்டுப்போச்சுன்னா, மூடுன பிறகும் அதேதான் கண்ணுல நிக்கும்," என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. அவன் மகிழ்ச்சி யாரும் பார்க்காத அந்த ஒயரில்தான் இருக்கிறது. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவன் கை வேறு, என் கை வேறு.

"ரெண்டு பேரும் பொம்மைக் காருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வச்சு நடத்துதிய," என்று சொல்லிவிட்டு செல்வி துணி உலர்த்தப் போனாள்.

ஒரு நாளைக்குக் கொஞ்சம். ஒரு பக்கக் கதவு ஒரு நாள். சக்கரங்கள் இன்னொரு நாள். வெயில் ஏறி, கூலருக்குத் தண்ணீர் ஊற்றும் காலம் வந்துவிட்டது. பானெட்டை ஒட்டும் நாளன்று ஜன்னலைத் திறந்து வைத்து, தூரிகையால் விளிம்பில் பசையைத் தொட்டு வைத்தேன். ஆள்காட்டி விரலில் சில்லென்றது.

நான் விரலைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசை காற்றில் ஆவியாகும்போது தோலைக் குளிர வைக்கும். கண் சொல்வதற்கு முன்பே விரல் சொல்லிவிட்டது. கையை எடுத்தேன், துடைத்தேன். பிறகு, சோதித்துப் பார்க்க, வேண்டுமென்றே இன்னொரு சொட்டு வைத்தேன். மறுபடி சில்லென்றது. நடுவிரலில் கொஞ்சம் மங்கலாக. சுண்டுவிரலில் இல்லை.

செல்வியைக் கூப்பிட்டேன். அவளும் விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கிக்கொண்டாள். "ஆமா மதினி, ஐஸ்காரன் தொட்ட மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் வேலைக்குத் திரும்பினேன். என் அதிகாரி வங்காளி. நடந்துகொண்டே டிக்டேஷன் கொடுப்பவர். "டெஸ்பாட்ச்சில் உட்காருங்கள், சௌகரியமாக இருக்கும்," என்று உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார். ஒரே ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

வீட்டில் செல்வியைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லி எழுதிப் பார்த்திருந்தேன். நோவுக்கு முன் இருந்த அழுத்தம் முழுதாக வரவில்லை. மெல்லிய கோட்டுக்கும் தடித்த கோட்டுக்கும் வித்தியாசம் போதவில்லை. என் எழுத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. அதனால், கோடு ஏமாற்றினாலும் சொல் பிடிபடட்டும் என்று, ஆரம்பப் பாடத்தில் கற்று, வேகம் வந்ததும் விட்டுவிட்ட உயிரொலிப் புள்ளிகளை மறுபடி வைக்கத் தொடங்கியிருந்தேன். எஞ்சினை வேண்டாம் என்று விட்டவள் புள்ளியை வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். முருகேசனிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா, ஒயரிங்குக்கு வந்துட்ட," என்று ஒரே ஆட்டம்.

புள்ளி வைக்க நேரம் வேண்டும். அதிகாரி இரண்டாவது வாக்கியத்தில் இருந்தபோது, "ஒரு நிமிஷம் சார்," என்றேன். என் சர்வீஸில் அந்தச் சொல்லை ஸ்டெனோ சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தேன். படித்தார், கையெழுத்திட்டார். மறுநாள் காலையில் அவர் அறையிலிருந்து டிக்டேஷனுக்கு மணி அடித்தது எனக்குத்தான்.

சுண்டுவிரல் இன்னும் முழுதாக வரவில்லை. குளிர்காலத்தில் பாதம் கனக்கும். செருப்பை இப்போதெல்லாம் வார் வைத்து வாங்குகிறேன். முன்பு என் உடம்பு எனக்கு முன்னால் ஓடும், நான் பின்னால் போவேன். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். அதனால் நாள் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை.

அதிகாரி ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறார். ஜன்னலுக்கு வெளியே மழை. நான் கோட்டின் அருகே புள்ளியை வைக்கிறேன். காகிதம் பென்சிலைத் திருப்பித் தள்ளுவது விரலுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குத் தலை நிமிர்கிறேன்.