சித்தி கேட்ட மூன்றாவது கேசட்

“மூன்று கேசட்டையும் கேட்டுவிட்டு, சலவையறையில் சொல்வதுபோல ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்றாவது நானும் நண்பர்களும் பாடியது. உங்கள் பதில் வராமல் அடுத்த பாட்டைத் தொடமாட்டேன்.”

சித்திக்கு வந்து, இப்போது என்னிடமுள்ள ஓர் ஆங்கிலக் கடிதத்தின் கடைசி வரிகள் இவை. தேதி இல்லை; தபால் முத்திரையும் அழிந்துவிட்டது. அப்போது நான் ஆறாம் வகுப்பு என்பதால் எண்பதுகளின் நடுப்பகுதி என்று கொள்கிறேன்.

சித்தி கொடைக்கானலில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுதியொன்றில் துணி தேய்த்தார். எழுதியவன் அங்கே படித்து, அரைகுறைத் தமிழ் பேசி, தன் நாட்டுக்கே திரும்பியவன். அவன் அறையில் அலறும் மெட்டல் என்ற இரைச்சல் ராக் பாட்டுகளுக்குச் சித்தி சலவையறையில் சொல்லும் தீர்ப்புகளை விரும்பிக் கேட்பானாம்.

பதில் எழுத நான் நோட்டோடு உட்கார, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த சித்தப்பாவின் டூ-இன்-ஒன்னில் முதல் கேசட் ஓடியது.

“ரேடியோ ரிப்பேராயிருச்சா?” என்றார் சித்தப்பா.

“சும்மா இருங்க. வாசிக்கிறவன் கை வெரசா ஓடுது. ஆனா எங்க போறோம்னு அவனுக்கே தெரியல. எழுதிக்கடி.”

இரண்டாவதற்கு, “பேய் வேசம் கட்டிட்டு மிரட்டுறான். வேசத்தக் கலைச்சா ஒண்ணுமில்ல” என்றார்.

மூன்றாவதில் மேளம் இடித்தது, ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது. நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. திருப்பிப் போடச் சொல்லி மறுபடியும் கேட்டார்.

“இது பாட்டு இல்லடி. யாரையோ கூப்பிடுறான். யாரப் பறிகொடுத்தான்னு கேட்டு எழுது. நான் அழுதேன்னும் எழுது.”

சித்திக்கு எழுதப்படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் சாவைச் சொல்லும் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுவார்கள். அப்படி ஒன்றை நான் எழுதுவதா? பள்ளியில் பழகிய ஆங்கிலத்தில், நாங்கள் நலம், மூன்று கேசட்டும் மிக இனிமை, சித்தி மிகவும் மகிழ்ந்தார் என்று எழுதினேன். நல்ல சேதி என்பதால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன்.

பதில் வரவில்லை. பல மாதங்கள் தபால்காரரை வழிமறித்த சித்தி ஒருநாள் என்னிடம், “நான் சொன்னத அப்படியே எழுதுனியாடி?” என்றார்.

“எழுதினேன் சித்தி.”

“அப்ப, கேட்டிருக்கக் கூடாது போல. புள்ளைக்கு வலிச்சிருக்கும்” என்றார். அதற்குப் பிறகு யாருடைய பாட்டைப் பற்றியும் அவர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை.

சித்தி இறந்த பின், ஓரளவு ஆங்கிலம் காதில் ஏறிய வயதில், அந்தக் கேசட்டை மீண்டும் போட்டேன். அவன் கத்துவது ஒரே ஒரு சொல். ஒரு பெண்ணின் பெயர். அவள் அவனுக்கு யார், அப்போது உயிரோடு இருந்தாளா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.